கணினி இலக்கணங்களில் பிழை காணும் முறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பு மாணவி ஒருவர் அளித்த கட்டுரையில், தம் பாட்டி ‘ஊரிலிருந்து’ வந்ததாக எழுதியிருந்தார். எந்த ஊர் என்று ஓரத்தில் சிவப்பு மையால் வினவினோம். முதலில் ‘ஈப்போவிலிருந்து’ என்றே எழுதியதாகவும், தாம் பயன்படுத்திய பிழைதிருத்தி அச்சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு இட்டதால் அதனை நீக்கிவிட்டதாகவும் அவர் விடையளித்தார். ஓகாரத்தில் இறும் ஊர்ப்பெயர் வகர உடம்படுமெய் பெற்று உருபேற்பது முறையான புணர்ச்சியே ஆகும். பிழை மாணவியிடம் இல்லை. அவருடைய தொடரை மதிப்பிட்ட இலக்கணத்தில் இருந்தது. எனினும் சொல்லை இழந்தவர் அவரே.

சொற்பட்டியலும் விதிகளுமாக வகுக்கப்பெற்றுக் கணினிக்கு அளிக்கப்படும் இலக்கணத்தைக் கணினி இலக்கணம் என்பர். அதனைக் கொண்டு ஒரு தொடரைக் கூறு கூறாகப் பிரித்து அதன் அமைப்பைக் காட்டும் நிரல் பகுப்பி எனப்படும். மாந்தர்க்கென எழுதப்பட்ட இலக்கண நூலில் ஒரு விதி விடுபட்டிருப்பின், கற்பவர் தம் மொழியறிவால் அவ்விடைவெளியை நிரப்பிக்கொள்வர். உரையாசிரியர் புறனடை காட்டி அமைதி கூறுவார். கணினிக்கு அத்தகைய துணை இல்லை. விதியில் இல்லாதது அதற்கு மொழியிலும் இல்லாததாகும்.

ஆகவே, கணினி இலக்கணத்தின் பிழைகளைக் கண்டறிவது எங்ஙனம் என்னும் வினா எழுகிறது. இலக்கணம் எழுதுவோர் தாம் எண்ணிப் பார்த்த தொடர்களைக் கொண்டே தம் விதிகளைச் சோதிக்கின்றனர். பிழைகளோ பெரும்பாலும் அவர்கள் எண்ணிப் பாராத தொடர்களில் மறைந்துள்ளன. இவ்விடரைக் கடக்க 1950களிலிருந்து மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருவகைப் பிழைகள்

கணினி இலக்கணத்தின் பிழைகள் இரு வகைப்படும். ஏற்கவேண்டிய தொடரை ஏற்காமை ஒன்று. ஏற்கக்கூடாத தொடரை ஏற்றல் மற்றொன்று. தருக்க நூலார் ஒரு பொருளின் இலக்கணத்திற்குரிய குற்றங்களாக எண்ணும் அவ்வியாத்தி, அதிவியாத்தி என்பன இவற்றிற்கு மிகவும் பொருந்துவன. இக்கட்டுரையில் இவற்றை முறையே குறைப்பிழை, மிகைப்பிழை எனக் குறிப்பிடுவோம்.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். எழுவாய் முதல் வேற்றுமையில் நின்று, திணை பால் எண் இடங்களில் வினைமுற்றோடு இயைதல் வேண்டும் என்று மட்டும் விதி வகுத்தால், ‘அவன் வந்தான்’ என்பது ஏற்கப்படும். ‘அவன் வந்தாள்’ என்பது விலக்கப்படும். ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் வழக்குத் தொடரும் விலக்கப்பட்டுவிடும். இது குறைப்பிழை. இதனைப் போக்கும் பொருட்டு இயைபு விதியையே தளர்த்தினால், முன்னர் விலக்கப்பட்ட ‘அவன் வந்தாள்’ உள்ளே நுழைந்துவிடும். இது மிகைப்பிழை. ஒன்றைத் திருத்தப் புகின் மற்றொன்று பிறக்கும் இவ்வியல்பே இத்துறையின் வரலாறு முழுவதையும் இயக்கி வந்துள்ளது எனலாம்.

தொடக்கக்காலச் சோதனைகள்

1954ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து நியூயார்க்கில் ஒரு செய்முறை விளக்கத்தை நிகழ்த்தின. 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட உருசியத் தொடர்களைக் கணினி ஆங்கிலத்தில் பெயர்த்தது. செய்தித்தாள்கள் இதனை வியந்து எழுதின. ஆயினும், அன்று காட்டப்பட்ட தொடர்கள் அனைத்தும் அவ்விதிகளுக்கு ஏற்ப முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டவை. இலக்கணம் தோல்வியுற வாய்ப்பே அளிக்கப்படாத சோதனையில் பிழை வெளிப்படாமையில் வியப்பில்லை. எதிர்பார்ப்புகள் நிறைவேறாத நிலையில், 1966ஆம் ஆண்டு வெளிவந்த அல்பாக் குழுவின் அறிக்கைக்குப் பின் அமெரிக்காவில் இயந்திர மொழிபெயர்ப்புக்கான நிதியுதவி பெரிதும் குறைந்தது.

இதற்கிடையே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சுசுமு குனோ, அந்தோனி ஓட்டிங்கர் ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலத்திற்கான பகுப்பி ஒன்றை உருவாக்கினர். காலம் அம்புபோல் விரைகிறது என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலத் தொடர்க்கு அது பல பகுப்புகளை அளித்தது. விரைதலைக் குறிக்கும் சொல்லே அம்மொழியில் ஈக்களையும் குறிக்கும். போன்மையைக் குறிக்கும் சொல்லே விரும்புதலையும் குறிக்கும். எனவே, காலம் என்னும் வகை ஈக்கள் ஓர் அம்பை விரும்புகின்றன என்றும், அம்பைப் போல் ஈக்களின் வேகத்தை அளந்திடுக என்றும் அத்தொடர் பிரிக்கப்பட்டது. மனிதர் எவரும் நினைத்துப் பாராத பொருள்களைக் கணினி எடுத்துக்காட்டியபோது, விதிகள் இடந்தரும் அளவு எவ்வளவு பெரிது என்பதை ஆய்வாளர் உணர்ந்தனர்.

இவ்வுணர்வையே ஒரு முறையாக்கியவர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விக்டர் இங்வே ஆவார். குழந்தைகளுக்கான கதைநூல் ஒன்றின் முதல் பத்துத் தொடர்களுக்கு இலக்கணம் எழுதி, அவ்விலக்கணத்தைக் கொண்டு புதிய தொடர்களைக் குறிப்பின்றி உண்டாக்குமாறு கணினியைப் பணித்தார். 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெடிங்டனில் நிகழ்ந்த மாநாட்டில் இதனை விளக்கினார். தொடர்கள் பொருளற்றவையாயினும், அவற்றைப் படிப்போர் எது ஆங்கிலம், எது ஆங்கிலமன்று என்பதை எளிதில் அறிவர். ஆங்கிலமல்லாத ஒன்று வெளிப்பட்டால் அதனை உண்டாக்கிய விதியைத் தேடிச் செல்லலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் ஃபிரீட்மன் இம்முறையை மாற்றிலக்கணங்களுக்கு விரிவுபடுத்தினார். மொழியியலார் தாம் சோதிக்க விரும்பும் விதிகளை நோக்கித் தொடராக்கத்தைச் செலுத்துவதற்கு அவருடைய நிரல் வழிசெய்தது. 1969ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1971ஆம் ஆண்டு நூலிலும் இப்பணி விளக்கப்பெற்றுள்ளது.

குறிப்பின்றித் தொடர் உண்டாக்கும் முறை மிகைப்பிழையைக் காட்டவல்லது. ஆனால் இலக்கணம் உண்டாக்காத தொடர்களைப் பற்றி அது எதுவும் கூறாது. குறைப்பிழை அம்முறையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சோதனைத் தொடர்த் தொகுதிகள்

1980களில் கணினி இலக்கணங்கள் அளவிற் பெருகின. ஒருவர் எழுதிய விதியை மற்றொருவர் திருத்தவும், நேற்றுப் பகுக்கப்பட்ட தொடர் இன்று பகுக்கப்படாமற் போகவும் நேர்ந்தது. இந்நிலையில், டான் ஃபிளிக்கிங்கர், ஜான் நெர்போன், ஐவன் சாக், டாமஸ் வாசோ ஆகியோர் 1987ஆம் ஆண்டு, ஹியூலட் பேக்கார்டு ஆய்வகத்தில் ஆங்கிலத்திற்கென ஒரு சோதனைத் தொடர்த் தொகுதியை வெளியிட்டனர். ஒவ்வொரு தொடரமைப்புக்கும் சரியான தொடர்களோடு வழுவுடைய தொடர்களும் அதில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. இலக்கணம் முன்னவற்றை ஏற்று, பின்னவற்றை விலக்குகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சோதிக்க இயன்றது.

1993ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவில் நடைபெற்ற டி.எஸ்.என்.எல்.பி. திட்டம் இதனை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளுக்கும் ஒரே பாகுபாட்டின்கீழ் விரிவுபடுத்தியது. அதன் வழித்தோன்றலாக ஸ்டெபான் ஊப்பன் உருவாக்கிய மென்பொருள், இலக்கணத்தின் ஒவ்வொரு நிலையையும் பதிவுசெய்து முந்திய நிலையோடு ஒப்பிட்டுக் காட்டியது. ஒரு விதியைச் சேர்த்ததால் எத்தொடர்கள் புதிதாக ஏற்கப்பட்டன, எவை கைவிடப்பட்டன என்பதை அன்றாடம் அறிய இது துணைநின்றது.

இத்தொகுதிகளின் சிறப்பு, வழுவுடைய தொடர்களையும் கொண்டிருத்தலாகும். நூல்களிலும் செய்தித்தாள்களிலும் வழுத்தொடர்கள் ‘வழு’ என்று முத்திரையிடப்பட்டு வருவதில்லை. எனினும் ஒரு குறை நீங்கவில்லை. தொகுதியை அமைப்போரும் இலக்கண அறிஞரே. அவர் அறிந்த அமைப்புகளே அதில் இடம்பெறும். தேர்வுத்தாளை மாணவரே எழுதிக்கொள்வது போன்ற நிலை இதனால் முற்றிலும் மாறிவிடவில்லை.

இக்குறையின் அளவை 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. ஸ்டான்போர்டில் 1993ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வந்த ஆங்கில வள இலக்கணத்தைத் திமத்தி பால்ட்வின், எமிலி பெண்டர், ஃபிளிக்கிங்கர் முதலியோர் பிரித்தானியத் தேசியத் தரவகத்தின் எழுத்துவழக்குத் தொடர்களில் சோதித்தனர். எல்லாச் சொற்களும் அகராதியில் இடம்பெற்றிருந்த தொடர்களை மட்டும் தெரிந்தெடுத்தபோதும், அவற்றுள் 57 விழுக்காட்டுத் தொடர்களே பகுக்கப்பட்டன. பகுக்கப்பட்டவற்றுள் 83 விழுக்காட்டிற்குச் சரியான பகுப்புக் கிடைத்தது. தோல்விகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு அகராதிக் குறையாலும், மற்றும் ஐந்தில் இரு பங்கு தொடரமைப்பு விதிகளின் குறையாலும் விளைந்தன.

சொற்கள் அனைத்தும் அகராதியில் இருந்தும் அகராதிக் குறை எவ்வாறு எழும் என்று வினவலாம். சொல் பட்டியலில் இருக்கும். அதன் வேறொரு பயன்பாடு இராது. ‘படி’ என்பதை வினையாக மட்டும் பதிந்த அகராதி, மாடிப்படியிலும் அளவைப் படியிலும் தடுமாறுவதைப் போன்றது இது.

பிழை அகழ்வு

அதே 2004ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ட்யான் வான் நூர்ட் வேறொரு வழியைக் காட்டினார். அல்பினோ என்னும் டச்சு மொழி இலக்கணத்தைக் கொண்டு செய்தித்தாள் தொடர்கள் அடங்கிய பெருந்தரவகம் ஒன்றைப் பகுக்கச் செய்தார். முழுமையாகப் பகுக்கப்பட்டவை ஒருபுறமும் பகுக்கப்படாதவை மறுபுறமுமாகத் தொடர்கள் பிரிக்கப்பட்டன. பின்னர், ஒவ்வொரு சொல்லும் மொத்தம் எத்தனை முறை வருகிறது, அவற்றுள் எத்தனை முறை வெற்றிபெற்ற தொடரில் வருகிறது என்று கணக்கிடப்பட்டது. இவ்விரண்டின் விகிதத்தை அச்சொல்லின் பகுபடுதிறம் எனலாம். தோல்வியையே தரவாகக் கொண்டு பிழையை வெளிக்கொணரும் இம்முறைக்குப் பிழை அகழ்வு என்பது பெயர்.

ஒரு தரவகத்தில் நூற்றுக்கு 90 தொடர்கள் பகுக்கப்படுகின்றன எனக் கொள்வோம். அங்கு ஒரு சொல் 200 தொடர்களில் வந்து, அவற்றுள் 20 மட்டுமே பகுக்கப்பட்டால், அதன் பகுபடுதிறம் 0.10 ஆகும். சராசரியினின்று இத்துணை தாழ்ந்திருப்பது தற்செயலாக நிகழாது. இலக்கண ஆசிரியர் நோக்கவேண்டிய இடம் அதுவே.

வான் நூர்ட் தனிச்சொற்களோடு நிற்கவில்லை. சொற்கள் அடுத்தடுத்து வரும் தொடர்ச்சிகளையும் கணக்கிட்டார். இதன் பயனைத் தமிழ் வழியே விளக்கலாம். ‘கண்ணும்’ என்னும் சொல் வரும் பெரும்பாலான தொடர்கள் இடரின்றிப் பகுக்கப்படும். ஆனால், எண்ணும்மை ஏற்ற இரு சொற்களும் ஒரே உருபு கொள்ளவேண்டும் என விதித்த இலக்கணம், ‘கண்ணும் கருத்துமாக’ என்பது வருமிடமெல்லாம் தோல்வியுறும். ஆகவே குற்றம் தனிச்சொல்லில் இல்லை, மரபுத்தொடரில் உள்ளது என்பது கணக்கிலிருந்தே புலனாகும். அல்பினோ இலக்கணத்திலும் இவ்வாறே சொற்பிரிப்புப் பிழைகள், அகராதித் தவறுகள், முழுமை பெறாத சொற்பதிவுகள், தமக்கெனத் தனியமைப்புடைய மரபுத்தொடர்கள், விடுபட்ட தொடரமைப்பு விதிகள் ஆகியன கண்டறியப்பட்டன. தரவகத்தை முன்கூட்டியே மனிதர் பகுத்து வைத்திருக்க வேண்டிய தேவை இம்முறையில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இம்முறையில் ஒரு நுண்ணிய இடர் உண்டு. ‘ஈப்போவிலிருந்து பேருந்து புறப்பட்டது’ என்னும் தொடர் ஊர்ப்பெயரால் தோல்வியுறுமாயின், உடன்வந்த ‘பேருந்து’, ‘புறப்பட்டது’ ஆகிய சொற்களின் கணக்கும் தாழும். குற்றவாளியோடு நின்றவரும் ஐயத்திற்கு ஆளாவர். 2006ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற மாநாட்டில் பெனுவா சகோ, எரிக் தெ லா கிளெர்ஜரி ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர் இதற்குத் தீர்வு கூறினர். தோல்வியுற்ற ஒவ்வொரு தொடரிலும் ஒரு சொல்லே காரணம் எனக் கொண்டு, முதலில் ஐயத்தை எல்லாச் சொற்களுக்கும் சமமாகப் பகிர்ந்தனர். பின்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் தரவகம் முழுவதிலும் அமைந்த சராசரி ஐயத்தைக் கணித்து, அதற்கேற்ப ஒவ்வொரு தொடரிலும் ஐயத்தை மீண்டும் பகிர்ந்தனர். மதிப்புகள் நிலைபெறும்வரை இது தொடர்ந்தது. வெற்றிபெற்ற தொடர்களில் மிகுதியாக வரும் ‘பேருந்து’ போன்ற சொல் படிப்படியாக விடுவிக்கப்படும். ஐயம் உண்மைக் காரணத்தின்மீது குவியும்.

ஒரே அகராதியைப் பயன்படுத்தும் இரு வேறு பிரெஞ்சுப் பகுப்பிகளை அவர்கள் ஒருங்கே சோதித்தமையும் நோக்கத்தக்கது. இரண்டிலும் ஐயத்திற்குரியதாகும் சொல் அகராதிப் பிழையையும், ஒன்றில் மட்டும் ஐயத்திற்குரியதாகும் சொல் அவ்விலக்கணத்தின் விதிப்பிழையையும் சுட்டும்.

மிகைப்பிழையைத் தேடுதல்

பிழை அகழ்வு குறைப்பிழைக்கு உரிய கருவியாகும். பகுக்கப்பட்ட தொடரை அது வெற்றியெனவே கொள்கிறது. அப்பகுப்புத் தவறாயினும், ஏற்கத்தகாத தொடர்களை இலக்கணம் ஏற்குமாயினும் அதற்குத் தெரியாது. சொல்லப்போனால், எதனையும் ஏற்கும் இலக்கணமே இக்கணக்கின்படி குற்றமற்ற இலக்கணமாகும்.

இதனால் ஆய்வாளர் மீண்டும் தொடராக்கத்தை நாடினர். 2007ஆம் ஆண்டு கிளேர் கார்தான், எரிக் கோ ஆகியோர், பிரெஞ்சு மொழிக்கான இலக்கணம் ஒன்று உண்டாக்கிய தொடர்களைச் சரியானவை, வழுவுடையவை என மனிதரைக் கொண்டு பிரித்தனர். பின்னர், வழுத்தொடர்களிலேயே தொடர்ந்து காணப்படும் விதிகளை ஐயத்திற்குரியனவாகப் பட்டியலிட்டனர். இதன்வழி இலக்கணம் உண்டாக்கிய தொடர்களின் எண்ணிக்கை 70 விழுக்காடு குறைந்ததாகவும், நீக்கப்பட்டவை ஏறத்தாழ யாவும் மிகையே என்றும் அவர்கள் தெரிவித்தனர். இங்வே விழியால் செய்த பணியே 46 ஆண்டுகளுக்குப் பின் கணக்கின் துணையோடு நிகழ்ந்தது எனலாம்.

விதிகளை மனிதர் எழுதாமல் பெருந்தரவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் மொழி மாதிரிகள் பெருகிய பின்னரும் இத்தேடல் நின்றுவிடவில்லை. 2020ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பிளிம்ப் என்னும் ஆங்கிலச் சோதனைத் தொகுதி, சரியான தொடர் ஒன்றும் வழுத்தொடர் ஒன்றுமாக ஆயிரம் இணைகள் கொண்ட 67 பிரிவுகளை உடையது. 1987ஆம் ஆண்டின் முறையே புதிய வடிவில் திரும்பியுள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விதியால் அமைந்த இலக்கணத்தில் பிழையைக் கண்டவர் அதற்குரிய விதியைச் சுட்டித் திருத்தலாம். மொழி மாதிரியில் அவ்வாறு சுட்டுதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை.

தமிழ் நிலை

தமிழில் இப்பணிக்குரிய வளங்கள் ஓரளவு உருவாகியுள்ளன. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் விளக்கப்பெற்ற தமிழ் மரத்தரவகம் 600 செய்தித் தொடர்களைக் கொண்டது. 2021ஆம் ஆண்டு அறிமுகமான மற்றொரு மரத்தரவகத்தின் 534 தொடர்கள் பெரும்பாலும் தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. முன்னது வழக்கிலிருந்தும் பின்னது இலக்கண அறிஞரின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் பிறந்தன. மேலே கண்ட வரலாற்றின் இரு நெறிகளையும் இவை நினைவூட்டுகின்றன. தமிழி மார்ப் என்னும் உருபனியல் பகுப்பியும் 2021ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக விளக்கப்பட்டு, யாவரும் பயன்படுத்தத்தக்க வகையில் திறந்தநிலையில் வழங்கப்பட்டுள்ளது.

இவ்வளங்களோடு ஆசிரியர் செய்யத்தக்க பணியும் உண்டு. மாணவர் கட்டுரைகளில் மென்பொருள் கோடிட்ட சொற்களை ஒவ்வொரு தவணையிலும் தொகுத்து, அவற்றுள் எவை மாணவர் பிழை, எவை மென்பொருள் பிழை என்று பிரித்துவைப்பதே அப்பணி. ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் ஆகிய ஊர்ப்பெயர்கள் உருபேற்கும் வடிவங்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அமர்ந்து இலக்கணம் எழுதுவோரின் எண்ணத்தில் எளிதில் தோன்றா. அவை நம் மாணவர் எழுத்தில் நாள்தோறும் தோன்றுகின்றன. இவற்றோடு மாணவர் உண்மையில் செய்யும் வழுக்களும் சேருமாயின், குறைப்பிழை, மிகைப்பிழை ஆகிய இரண்டையும் சோதிக்கும் தொகுதி ஒன்று வகுப்பறையிலிருந்தே உருவாகும்.

முடிவுரை

1954ஆம் ஆண்டில் இலக்கணம் தோல்வியுறாத தொடர்கள் மட்டும் காட்டப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தோல்வியுற்ற தொடர்களே முதன்மைத் தரவாயின. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாற்றமே இத்துறையின் வளர்ச்சி எனலாம். தொடராக்கம், சோதனைத் தொகுதி, பிழை அகழ்வு ஆகிய மூன்றும் ஒன்று காணாததை மற்றொன்று காண்பன. எதுவும் தனித்து முழுமை பெறவில்லை. எந்த முறையிலும் இறுதித் தீர்ப்பு மொழியறிந்த மனிதரிடமே விடப்பட்டுள்ளது.

அத்தீர்ப்பை வழங்குவோருள் ஆசிரியர் முதன்மையானவர். மாணவியின் கட்டுரையில் ‘எந்த ஊர்?’ என்று சிவப்பு மையால் எழுதியபோது நாமும் பிழையை அவரிடமே தேடினோம். கோடிட்ட சொல்லைக் காணும்போது, தவறியது மாணவரா, இலக்கணமா என்று முதலில் வினவுதல் நம் கடமையாகும். அம்மாணவி கட்டுரையைத் திருத்தி அளித்தபோது ‘ஈப்போவிலிருந்து’ என்று எழுதியிருந்தார். அதற்கு முழு மதிப்பெண் வழங்கினோம்.